ஒரு புள்ளி ஜாஸ்தி

காலை ஆறு நாற்பது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஒரு பெண்மணி உட்கார்ந்து வெற்றிலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கத்தரிக்கோல்தான். மூக்கு வளைந்த சின்னக் கத்தரிக்கோல். மடியில் ஒரு கவுளி வெற்றிலை. ஒவ்வோர் இலையாக எடுத்து, அதன் ஓரத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எறிந்தார். பிறகு அந்த வெட்டின் ஒரு பக்கத்தில் வளைவாக ஒரு கீறல் போட்டு, அந்தப் பக்கத்து ஓரத்தைத் திருப்பிக் கீழே இறக்கினார். இறக்கியதும் மேலே ஓர் இடைவெளி விழுந்தது. எதிர்ப்பக்கத்தை இழுத்துவந்து அதில் வைத்தார். ஓரம் ஒரே கோடாக வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வரவில்லை போலிருக்கிறது. கீழே போட்டுவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“இன்னாம்மா, வெத்தலய கிழிச்சிக்கினே இருக்கீங்க. போடற உத்தேசம் இல்லியா?”

“போடறதுக்கு இல்லீங்க. தைக்கிறதுக்கு.”

“வெத்தலயவா?”

“உதட்ட. வெத்தல இழுபடாது, தோல் இழுபடும். அந்த ஒரு வித்தியாசம்தான்.”

சொல்லும்போது அவர் பார்த்தது டீக்கடைக்காரரின் கண்களை அல்ல, மேலுதட்டை. டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அவர் பிளவுபட்ட உதட்டைச் சேர்க்கும் அறுவை சிகிச்சை டாக்டர். எண்பதுகளின் நடுவில் மாதம் ஒரு முறை வெளியூரிலிருந்து முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வருவார். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார். நான் ஒரு நாளிதழுக்கு அந்தப் பகுதி நிருபர். கல்வராயன் மலையிலிருந்து ஒரு குழந்தையை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்ததும், முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ‘மலைக் குழந்தைக்குப் புது முகம்’ என்று தலைப்பும் தயாராக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

“புது முகமெல்லாம் இல்லீங்க. முகம் அதே முகம்தான். உதட்ட மட்டும் சேக்கறோம்” என்றார். தன் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வரக் கூடாது என்றார். அன்று ஒப்புக்கொண்டதால்தான் இங்கேயும் எழுதவில்லை.

பேசும்போது என் மேலுதட்டையும் பார்த்துவிட்டார். “உங்களுக்கு எடது பக்கம் ஒரு நூல் ஒசரம். கவலப்படாதீங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கிற உதட்ட நான் இன்னும் பாக்கல.”

இது எல்லோருக்கும் நடந்தது. ஆஸ்பத்திரி எழுத்தர் அவரிடம் பேசும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்வார். மருந்துக்கடைக்காரர் அவர் வரும் வாரத்தில் மீசையை ஒதுக்கிவிட்டிருப்பார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மட்டும்தான் கூச்சப்படாதவர். “மேடத்துக்கு என் கண்ணு என்ன கலருன்னு தெரியாது. உதடு மட்டும் மனப்பாடம்” என்பார்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் பேரெடுத்தது இதற்காக அல்ல. “இன்னிக்கு வேணாம்” என்று சொல்வதற்காக. தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களிடம், பட்டினி போட்டுத் தயாராக வைத்திருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, மயக்க மருந்து டாக்டர் கையுறை போட்ட பிறகுகூட அவர் அதைச் சொல்லியிருக்கிறார். குரலை உயர்த்தமாட்டார். காரணத்தைச் சொல்வார். அடுத்த தேதியைச் சொல்வார். எதிரே இருப்பவர் எவ்வளவு பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் அதே இரண்டு வார்த்தை.

சின்னப்பொண்ணு அதை முதல் தடவை கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

வெள்ளிமலைக்கும் மேலே இருந்த ஒரு சிற்றூர் அவளுக்கு. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நடந்து வந்து பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக வந்திருந்தாள். கூட வந்தது கணவனின் அக்கா அஞ்சலை. கணவன் முன்பே குடகுக்குப் போயிருந்தான். காப்பித் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியுடன். பெண் குழந்தை. மேலுதட்டின் இடது பக்கம் மூக்குத் துவாரம் வரைக்கும் பிளந்திருந்தது. நடைவழியில் காத்திருந்த குழந்தைகள் எல்லோருக்கும் கன்னத்திலோ நெற்றியிலோ மைப் பொட்டு இருந்தது. இந்தக் குழந்தைக்கு இல்லை. படம் எடுக்கும்போது அதைக் கவனித்தேன்.

டாக்டர் குழந்தையைத் தராசில் வைத்தார். “பத்து வாரம், பத்து பவுண்டு, ரத்தத்துல ஹீமோகுளோபின் பத்து. இதுதான் எங்க கணக்கு. வாரம் ஆயிடுச்சி. எடை வரல. இன்னிக்கு வேணாம்.”

“பால் குடிக்கவே மாட்டுதுங்க” என்றாள் சின்னப்பொண்ணு. “வாய்ல நிக்க மாட்டுது. ஒழுகிடுது.”

அஞ்சலை குறுக்கே வந்தாள். “எப்பிடிங்க நிக்கும்? கிரகணத்தன்னிக்கு உள்ள கெடடின்னா கேக்கணும். அருவாமனைய புடிச்சிக்கினு பூசணிக்கா அறுத்துக்கினு இருந்தா. புள்ள மூளியா பொறக்காம இன்னா பண்ணும்?”

சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். மலையில் இருந்து பஸ் வரைக்கும், பஸ்ஸில் இருந்து இங்கே வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது போலிருந்தது அந்தக் குனிவு.

டாக்டர் சின்னப்பொண்ணுவின் உதட்டையும் அஞ்சலையின் உதட்டையும் பார்த்தார். பிறகு கேட்டார். “கிரகணம் புடிச்சப்ப எத்தனாவது மாசம்?”

“ஏழு முடிஞ்சி எட்டுங்க.”

“வயித்துல கொழந்தைக்கு உதடு ரெண்டாவது மாசத்துலயே சேந்து முடிஞ்சிடும். சேரலன்னா அப்பவே சேரல. கிரகணம் வந்தப்ப இந்த உதடு ஏற்கெனவே இப்படித்தான் இருந்தது. பூசணிக்காய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

அஞ்சலை கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ரெண்டாம் மாசத்துல இன்னா பண்ணாளோ?”

“ஒண்ணும் பண்ணல. ரெண்டாம் மாசத்துல வயித்துல இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது.”

அஞ்சலைக்கு இது திருப்தியாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று வெட்டு இல்லை என்றானதும் டாக்டர் போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுச் சின்னப்பொண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுக்கச் சொன்னார். குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிளவு இல்லாத பக்கமாக வைத்து, அது விழுங்கும் வேகத்துக்குச் சாய்க்கச் சொன்னார். ஒரு பாலாடைப் பால் உள்ளே போக நெடுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் அங்கேயே இருந்தார். மயக்க மருந்து டாக்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெட்டிச் சேர்ப்பது என்றால் என்ன என்று நான் கேட்டபோது, நர்ஸ் ஒருத்தியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக் காட்டினார். “கரை போட்ட புடவ குறுக்க கிழிஞ்சா எப்படித் தைப்பீங்க? மொதல்ல கரையோட கரைய வெச்சிப் பாப்பீங்க. அது ஒரு நூல் ஏறி எறங்கினாலும் தெரு முனையில இருந்து தெரியும். உதட்டுல சிவப்பும் தோலும் சேர்ற எடம் அந்தக் கரை மாதிரி. மத்தது எல்லாம் அப்பறம்.”

“நேரா வெட்டி நேரா தைச்சா என்ன?”

“தைச்ச அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். வடு சுருங்கும் பாருங்க, அப்ப உதட்ட மூக்குப் பக்கம் இழுத்துடும். அதனாலதான் வளைச்சி வெட்டி, ஒரு பக்கத்த கீழ எறக்கி, அந்தப் பள்ளத்துல இன்னொரு பக்கத்த கொண்டுவந்து வெக்கிறோம். தோலுக்கு உள்ள தசை இருக்கு. தோல மட்டும் சேத்தா உங்க போட்டோவுக்கு நல்லா இருக்கும். தசையைச் சேத்தாத்தான் கொழந்த அழும்போது நல்லா இருக்கும்.”

அதனால், முன்பு தைத்த குழந்தைகள் காட்டுவதற்கு வரும்போது அவர் முதலில் செய்வது அவர்களை அழவைப்பது. கையில் இருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்கிவிடுவார். குழந்தை வீறிடும். அவர் முகத்தை அதன் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறுகிறதா என்று பார்ப்பார். பார்த்து முடித்ததும் பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். “பாக்க நல்லவங்களா இருக்கறாங்க, புள்ள கையில இருந்து புடுங்கறாங்களே” என்று ஓர் ஆயா ஒரு நாள் எல்லோர் முன்னாலும் திட்டினாள். “ஆமாங்க” என்றார் டாக்டர், பார்ப்பதை நிறுத்தாமல்.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு நிலக்காரர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். சின்ன வயதில் எங்கேயோ நேர்கோடாகத் தைத்த உதடு. வடு இழுத்து ஒரு பல் எப்போதும் தெரிந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றார்.

“திருத்தலாம். ஆனா வடு முதல்ல செவந்து தடிக்கும். அடங்க ஒரு வருஷம் ஆவும். முகூர்த்தத்தன்னிக்கு இப்ப இருக்கறத விட மோசமா தெரியும். இன்னிக்கு வேணாம்.”

“நான் யாருன்னு தெரியுமாம்மா உங்களுக்கு?”

“தெரியாதுங்க. மாப்ள வூட்டுல பொண்ணப் பாத்துட்டுத்தான ஒத்துக்கிட்டாங்க?”

“பாத்துட்டுத்தான்.”

“அப்ப யாருக்காக அவசரம்?”

நிலக்காரர் கோபமாக எழுந்து போனார். மகள் வாசல் வரை போய்த் திரும்பி, முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் அதே உதட்டோடு நடந்தது. கணவனோடு மறு வருஷம் வந்து திருத்திக்கொண்டு போனாள்.

சின்னப்பொண்ணு இரண்டாம் தடவை வந்தபோது குழந்தைக்கு எடை வந்திருந்தது. கழுத்தில் மடிப்பு விழுந்திருந்தது. ஆனால் மலைக் குளிரில் சளி பிடித்திருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மயக்க மருந்து டாக்டரும் கேட்டார். அவர் கொஞ்சம் சமாளிக்கலாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

“இன்னிக்கு வேணாம்” என்றார் டாக்டர்.

அஞ்சலை எழுந்து நின்றாள். “இன்னாங்க இது? வரதும் போறதுமா இருக்கறோம். அடுத்த மாசம் நீங்க வந்துட்டுப் போனதும் குடகுக்கு லாரி வந்துரும். ஊரே ஏறிடும். இந்த வாயோட அங்க கொண்டுபோயி கொட்டாயில போட முடியாது. அடுத்த தபாவும் திருப்பி அனுப்பினீங்கன்னா இவளையும் புள்ளயையும் இவ அம்மா வூட்டுல வுட்டுட்டுத்தான் நாங்க லாரி ஏறுவோம். எங்க ஆளுங்க சொல்லிட்டாங்க. அப்பறம் கூப்புடுவாங்களா மாட்டாங்களா, அத நான் சொல்ல முடியாது.”

சின்னப்பொண்ணு பாலாடையை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

அன்று மாலை பஸ் நிலையத்தில் டாக்டரிடம் கேட்டேன், கொஞ்சம் சளிதானே என்று. அவர் பஸ்ஸின் பலகையைப் பார்த்தபடி சொன்னார். படிப்பு முடித்த புதிதில், அன்றைக்கே முடிக்கச் சொல்லி ஒரு குடும்பம் அழுததால், வெட்ட வேண்டிய இடங்களுக்கு அவசரமாகப் புள்ளி வைத்து ஒரு பெண் குழந்தைக்குத் தைத்திருக்கிறார். சில வருஷம் கழித்து வேறோர் ஊர்ப் பஸ் நிலையத்தில் ஒரு சிறுமி வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்தாள். உதட்டைப் பார்த்ததும் தன் கையென்று தெரிந்துவிட்டது. கோடு ஒரு நூல் ஏறியிருந்தது. “பொட்டலம் வாங்கினேன்” என்றார். “அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியல. பஸ் எடுத்துட்டான்.”

வெட்டுவதற்கு முன் புள்ளி வைப்பதில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு கிண்ணத்தில் நீலச் சாயம். கூர்மையாகச் சீவிக் கொதிக்கவைத்த ஈர்க்குச்சி. இரண்டு முனையும் ஊசியாக இருக்கும் ஒரு கவராயம், பள்ளிப் பிள்ளைகளின் பெட்டியில் இருப்பது போல. பிளவு இல்லாத பக்கத்தில் மேலுதட்டு வில்லின் உச்சி எங்கே, நடுப்பள்ளம் எங்கே, அதை வைத்து, இல்லாத இன்னோர் உச்சி எங்கே வர வேண்டும் என்று குறிப்பார். கவராயத்தால் அளப்பார். பஞ்சால் அழிப்பார். மறுபடி வைப்பார். “வெட்டற வரைக்கும் எத்தன தடவ வேணாலும் அழிக்கலாம்” என்பார். இதை அறுவை அரங்குக்குள் செய்யமாட்டார். மயக்கம் கொடுத்து, வாயில் குழாய் செருகிப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் உதடு ஒரு பக்கம் இழுபடும். மருந்து ஊசி போட்டால் வீங்கும். அதனால் குழந்தை தாய் மடியில் தூங்கும்போதே வைத்துவிடுவார். உள்ளே போனதும் அந்தப் புள்ளிகளை ஊசியால் தொட்டு நிலையாக்கிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்.

மூன்றாவது தடவை. இந்த முறை மலைக்குளிர் படக் கூடாது என்று குழந்தையை முன்கூட்டியே கீழே கொண்டுவந்து வடக்கனந்தலில் உறவுக்காரர் வீட்டில் வைத்திருந்தார்கள். ஏற்பாடு செய்தது அஞ்சலை. எடை சரி. நெஞ்சு சரி. ரத்தம் சரி. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஈர்க்குச்சியை எடுத்தார். சின்னப்பொண்ணு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

புள்ளி வைத்து முடித்தார். நர்ஸ் கவராயத்தை எடுத்துக்கொண்டு போனாள். சாயக் கிண்ணமும் குச்சியும் முக்காலியிலேயே இருந்தன. மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரைக் கிளப்ப ஆள் தேடினார்கள். சின்னப்பொண்ணு தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை டீ வாங்கப் போனாள். நான் ஜெனரேட்டர் பக்கம் போனேன். திரும்பியபோது விளக்கு எரிந்தது. குழந்தையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அறுவை அரங்கின் கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். பச்சை அங்கி, முகத்தில் துணி, கையுறை போட்ட கைகளை எதிலும் படாமல் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு அவர் இப்படி வெளியே வந்து அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை.

“போச்சு” என்றாள் அஞ்சலை.

“சின்னப்பொண்ணு” என்றார் டாக்டர். “கொழந்த உதட்டுல ஒரு புள்ளி ஜாஸ்தியா இருக்கு. நான் வெச்சதுக்கு மேல ஒண்ணு. யாராவது வெச்சீங்களா?”

சின்னப்பொண்ணு அஞ்சலையைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதுங்க.”

“ஏண்டி, கிண்ணம் உன்னாண்டதான இருந்துது?” அஞ்சலையின் குரல் ஏறியது. “எனக்கு அப்பவே தெரியும்ங்க. இவ கை பட்டா எது வெளங்கியிருக்குது? அன்னிக்கு அருவாமன, இன்னிக்கு இது.”

உள்ளேயிருந்து மயக்க மருந்து டாக்டரின் குரல் வந்தது. “மேடம், கொழந்தைய சும்மா இப்படியே வெச்சிருக்க முடியாது. ஆரம்பிக்கிறீங்களா, எழுப்பிடட்டுமா?”

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. “நீங்க கொஞ்சம் இருங்கம்மா” என்று அஞ்சலையிடம் சொன்னார். பிறகு சின்னப்பொண்ணுவுக்கு முன்னால் குனிந்தார். அன்றுதான் அவர் ஒருவரைக் கண்ணுக்கு நேராகப் பார்த்ததை நான் பார்த்தேன்.

“யாரு வெச்சாங்கன்னு நான் கேக்கல. எது என்னுது, எது இல்ல. அது மட்டும் தெரிஞ்சா போதும். தெரிஞ்சா இப்பவே தைச்சிடலாம்.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா இன்னிக்கு வேணாம்.”

சின்னப்பொண்ணு விரலைத் தூக்கித் தன் மேலுதட்டில் வைத்தாள். விரல் வைத்த இடத்திலிருந்து நகரவில்லை.

“இங்க ரெண்டு கிட்ட கிட்ட இருக்குதுல்லீங்க. உள்ளாற இருக்கறது உங்களுது. இப்பிடி வெளியால தள்ளி இருக்கறது என்னுது. நான்தான் வெச்சேன்.”

“என் சந்தேகமும் அதுதான்” என்றார் டாக்டர்.

“நீங்க திருஷ்டிக்கு வெக்கிறீங்கன்னு நெனச்சேங்க. எல்லாருக்கும் வெக்கிறாங்க. இதுக்கு இது வரிக்கும் யாரும் வெச்சதில்ல. இத பாத்து யாரு கண்ணு வெக்கப் போறாங்க? நீங்க அவ்ளோ நேரம் பாத்துப் பாத்து வெச்சீங்க. இனிமே நல்லாயிடும்னுதான் வெக்கிறாங்கன்னு... பெத்தவ நானும் ஒண்ணு வெக்கலாம்னு.”



“நல்ல கை உனக்கு” என்றார் டாக்டர். “பெருசா வெச்சிருந்தா பாத்த ஒடனே தெரிஞ்சிருக்கும். என்னுது மாதிரியே வெச்சிருக்கே. அதான் என்னையே கொழப்பிடுச்சி.”

கதவு மூடிக்கொண்டது.

உள்ளே நடந்ததை நர்ஸ் பிறகு சொன்னாள். அவர் மறுபடி கை கழுவி, புது அங்கி போட்டு வந்தாராம். பிளாஸ்திரியைப் பிரிக்கச் சொல்லி, குழாயைக் கீழுதட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து ஒட்டச் சொன்னாராம். தாய் வைத்த புள்ளியைத் துடைத்துவிட்டு, மிச்சப் புள்ளிகளைக் கவராயத்தால் அளந்தாராம். அளவு சேர்ந்தது. ஊசியால் தொட்டு வைத்துவிட்டு, “ஆரம்பிக்கலாம்” என்றாராம். மயக்க மருந்து டாக்டர், “இந்தக் கொழந்தைக்கு இந்த வார்த்தைய கேக்க மூணு மாசம் ஆச்சு மேடம்” என்றாராம்.

வெளியே அஞ்சலை எதிர்ச்சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப்பொண்ணு நின்றுகொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அஞ்சலை, ஆறிப்போன டீயை அவள் பக்கம் நகர்த்தினாள். “குடி. நீ மயங்கி வுழுந்தீன்னா அதுக்கு வேற எவன் வந்து பாக்கறது.”

குழந்தையை வெளியே கொண்டுவந்தபோது அதன் முழங்கைகள் மடங்காதபடி காலண்டர் அட்டையைச் சுருட்டிக் கட்டியிருந்தது. கை வாய்க்குப் போகக் கூடாது. உதடு வீங்கியிருந்தது. மூக்கிலிருந்து கீழே ஒரு வளைந்த கோடு, கறுப்புத் தையல்களோடு. கோட்டின் அடியில் சிவப்பும் தோலும் சேரும் ஓரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே வரியாகப் போனது.

சின்னப்பொண்ணு குழந்தையை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “வேற புள்ளயாட்டம் இருக்குதே” என்றாள் மெதுவாக.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். “நம்ம புள்ளதான். காத பாரு, உன் மாமனார் காது.”

சின்னப்பொண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அஞ்சலை அவள் தோளிலிருந்து நழுவிய குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். நான் படம் எடுத்தேன். டாக்டர் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் கத்தரித்ததுபோக மீதி இருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து, பாக்கு வைத்து மடித்து, வாயில் போட்டுக்கொண்டார். அவர் வெற்றிலை போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தையலை அதே வாரத்தில் உள்ளூர் டாக்டர் பிரித்தார். லாரி வந்தபோது சின்னப்பொண்ணுவும் குழந்தையும் அதில் ஏறினார்கள். என் செய்தி உள்பக்கத்தில் வந்தது. நான் எழுதி அனுப்பிய தலைப்பு வேறு. அச்சில் ‘புது முகம்’ என்றே இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டுப் படத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

சில வருஷங்களுக்குப் பிறகு அவர் கள்ளக்குறிச்சிக்கு வருவது நின்றது. வேறொரு மாவட்டத்துக்குப் போவதாகச் சொன்னார்கள். டீக்கடைக்காரர் கொஞ்ச காலம் வரைக்கும் வெளியூர் ஆட்களிடம் பேசும்போது துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குடகிலிருந்து அவர்கள் திரும்பியது, இதற்கெல்லாம் முன்பு, லாரி ஏறியதற்கு அடுத்து வந்த பங்குனியில். டாக்டர் வரும் நாளைக் கேட்டு வைத்திருந்து, மூவரும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். இந்த முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அஞ்சலை. டாக்டர் வழக்கம்போலக் குழந்தையின் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கினார். குழந்தை வாயைத் திறந்து கத்தியது. அவர் கிட்டே போய்ப் பார்த்தார். வடு இன்னும் சிவப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

“போதும்” என்று முறுக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

குழந்தையின் இடது கன்னத்தில் எட்டணா அகலத்துக்கு மைப் பொட்டு இருந்தது. பொட்டை வைத்தது அஞ்சலை.